‘வாகனம் ஓட்டலாம்’ என்று ஒரு கடிதம் வாங்க

கடிதம் ஒருவழியாகக் கைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த ஒரு தாளுக்காகப் பட்ட அலைச்சலை எழுதி வைக்காவிட்டால் எனக்கு மனம் ஆறாது. நித்திரையில் மூச்சு தடைப்படாமல் முகமூடி வழியாகக் காற்று ஊதும் சீபாப் மெஷினைப் போட்டுப் படுக்கிற வேறு ஓட்டுநர் யாராவது, விழித்திருக்க முடியுமா என்று பார்க்கும் இதே பரிசோதனைக்குப் போக வேண்டி வந்தால், அவர்களுக்காவது ஒரு நாள் சம்பளம் மிஞ்சட்டும்.

எனக்கு நித்திரையில் மூச்சு நின்று நின்று போகிற வருத்தம். மணிக்கு 30 தடவையும் அதற்கு மேலும் மூச்சு தடைப்பட்டால் கடுமையானது என்பார்கள். என்னுடையது அந்த ரகம். குறட்டை, இரவு முழுக்கப் படுக்க வைத்து எடுக்கும் ஸ்லீப் ஸ்டடி, மெஷின் வாங்கியது எல்லாம் சிக்கல் இல்லாமல் நடந்தன. மெஷின் போடத் தொடங்கியதும் காலைத் தலையிடியும் போய்விட்டது.

நான் ஓட்டுவது லொறி. பேலியகொடை ஸ்டோர்ஸில் இரவு சாமான் ஏற்றிக்கொண்டு வவுனியா வரை. வருத்தம் தெரிந்ததும் கம்பனி என்னை வண்டியில் இருந்து இறக்கிவிட்டு, விழித்திருக்க முடியும் என்று பரிசோதித்துக் கடிதம் கொண்டு வரச் சொன்னது. லைசன்ஸுக்காக நுகேகொடையில் எடுத்த மருத்துவச் சான்றிதழைக் காட்டினேன். “அது வேற, இது வேற” என்றார் மேனேஜர். அவர் கேட்டது நியாயம்தான். குருநாகலில் இருந்து தம்புள்ளை வரை விடியப்புறம் மூன்று மணிக்கு ஓட்டியவர் யாரும் அதை மறுக்கமாட்டார்.

டொக்டர் துண்டில் எம்.டபிள்யூ.டி. என்று தெளிவாக எழுதித் தந்திருந்தார். தனியார் மருத்துவமனைக் கவுண்டரில் இருந்தவர் அதைச் சரியாகப் பார்க்காமலே பில் போட்டார். அது எம்.எஸ்.எல்.டி. எழுத்து வித்தியாசமாக இருக்கிறதே என்று கேட்டேன். “ரெண்டும் ஒன்னுதான், பின்னுக்கு ஆக்கள் நிக்கிறாங்க” என்றார்.

ரெண்டும் ஒன்றில்லை. எம்.எஸ்.எல்.டி.யில் இருட்டறையில் படுக்கவிட்டு, நித்திரை கொள்ளச் சொல்லி, எவ்வளவு சீக்கிரம் நித்திரை வருகிறது என்று பார்ப்பார்கள். எம்.டபிள்யூ.டி.யில் உட்கார வைத்து, நித்திரை கொள்ளாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கிறீர்கள் என்று பார்ப்பார்கள். ஓட்டுநருக்கு வேண்டியது இரண்டாவது. குறித்த நாளில் போனபோது, வயர் ஒட்ட வந்த தம்பிதான் பில்லைப் பார்த்துவிட்டு, “அண்ணே, கம்பனிக் கடிதத்துக்கு இது சரிவராது” என்றார். அன்றைய நாள் வீண். கட்டிய காசைத் திரும்ப எடுக்க இன்னொரு வரிசை, இன்னொரு கையெழுத்து. பில்லில் பரிசோதனையின் பெயர் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்காமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள்.

மறு தேதிக்கு முதல் நாள் போன் வந்தது: வெறும் வயிற்றோடு காலையில் வாங்க. அதுவும் பிழை. இதற்கு லேசாகக் காலைச் சாப்பாடு சாப்பிட வேண்டும், முதல் அமர்வுக்கு ஒரு மணித்தியாலமாவது முந்தி. அந்தத் தம்பி என்னைப் பணிஸ் சாப்பிட அனுப்பியதால் எல்லாமே பிந்தியது. மெஷினில் இருக்கும் பாவனைக் கணக்கு வேண்டும் என்பதையும் யாரும் சொல்லியிருக்கவில்லை. நல்லவேளை, “எதுக்கும் மெஷினையும் கொண்டு போங்க” என்று மனைவி சொன்னதால் அது என் பையில் இருந்தது. எஸ்டி காட்டை அங்கேயே எடுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

தலையிலும் கண்ணோரத்திலும் நாடியிலும் பசை வைத்து வயர் ஒட்டினார்கள். கட்டிலில் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். தலைக்குச் சற்றுப் பின்னால், கண்ணுக்குப் படாமல், மங்கலாக ஒரு சின்ன பல்ப். நேரே பார்க்க வேண்டும், அசையக் கூடாது. பாட்டு முணுமுணுப்பது, கன்னத்தில் தட்டிக்கொள்வது எதுவும் கூடாது. போன் இல்லை, தேத்தண்ணியும் எனக்கு மறுத்துவிட்டார்கள். இப்படி 40 நிமிடம், இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, மொத்தம் நான்கு அமர்வு. ஒரு முழுப் பகல் போய்விடும். அரை நாள் லீவு போதாது.

மூன்றாவது அமர்வு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு. சோறு வயிற்றில், ஏசி குளிர், எதிரே வெறும் சுவர். கடைசி நிமிடம் வரை கண்ணை விழித்தபடிதான் இருந்தேன் என்று பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணியிருப்பேன். ரிப்போட்டில் அந்த அமர்வுக்கு எதிரே 34 நிமிடம் என்று இருந்தது. மூளை அலைப் பதிவை 30 செக்கன் பக்கங்களாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஒரு பக்கத்தில் 15 செக்கனுக்கு மேல் நித்திரை அலை வந்தால் அதுதான் நித்திரை தொடங்கிய நேரம். எனக்கு அப்படி ஒரேயொரு பக்கம் வந்திருக்கிறது. டொக்டர் அதை விரலால் தொட்டுக் காட்டினார். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை! மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற லொறி அந்த 15 செக்கனில் 250 மீட்டர் போயிருக்கும். ‘நித்திரை வந்தால் எனக்குத் தெரியும், நிப்பாட்டிவிடுவேன்’ என்று சொல்கிற ஓட்டுநர் நண்பர்கள் எனக்கு நிறையப் பேர். அவர்கள் எல்லாருக்கும் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும் போல் இருக்கிறது.

மற்ற மூன்றிலும் முழு 40. சராசரி 38.5. நான்கிலும் 40 வந்தால்தான் மிகத் திடமான சான்று. சராசரி 8 நிமிடத்துக்குக் கீழே போனால் தெளிவான கோளாறு. இடைப்பட்டதை டொக்டர் மற்ற விபரங்களோடு சேர்த்துத்தான் முடிவு செய்வார். மெஷினைத் தினமும் போட்ட கணக்கு அங்கேதான் எனக்குக் கைகொடுத்தது.

முதலில் கிடைத்த கடிதத்தில் ‘பரிசோதனை திருப்தி’ என்று ஒரே வரி. கம்பனி ஏற்கவில்லை. பரிசோதனையின் பெயர், நிமிடக் கணக்கு, முதல் நாள் இரவு மெஷின் போட்டுத்தான் பரிசோதித்தது, இனியும் போட்டால் மட்டுமே கடிதம் செல்லும் என்பது, இவ்வளவும் வேண்டுமாம். டொக்டர் உடனே எழுதிவிட்டார். சீல் வைக்கிறவர் லீவு என்று அலுவலகத்தில்தான் இழுத்தார்கள். ஆகவே, கம்பனிக்கு என்னென்ன வேண்டும் என்று முதலே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள்.

‘இனியும் போட்டால் மட்டுமே’ என்ற அந்த வரியை வைத்தே மேனேஜரிடம் ஒன்று கேட்டேன்: வவுனியாவில் தங்குகிற நாட்களில் லொறிக்குள் படுக்க முடியாது, பிளக் உள்ள அறை வேண்டும். சரி என்று எழுதித் தந்துவிட்டார்.