கேம்ஸ் தேர்வில் முதல் தடவை கோட்டை விட்டேன், எங்கே என்று சொல்கிறேன்

முதல் முயற்சியில் ஃபெயில். பணச்சலவைத் தடுப்புக்கான கேம்ஸ் (CAMS) தேர்வுக்கு நான் படித்த லட்சணம் அப்படி. கறுப்புப் பணம் வெள்ளையாகும் மூன்று கட்டங்களான பிளேஸ்மென்ட், லேயரிங், இன்டகிரேஷன், பணச்சலவைத் தடுப்பு விதிகளை வகுக்க 1989-இல் தொடங்கிய பன்னாட்டு அமைப்பான எஃப்ஏடிஎஃப், அதன் 40 பரிந்துரைகள் எல்லாம் தலைகீழாக ஒப்பிப்பேன். ஆனால் அங்கே ஒரு சூழ்நிலையைக் கொடுத்து, புலனாய்வாளர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள், விடைகளில் இரண்டு சரி மாதிரியே இருக்கும்.

அடுத்த தடவை சந்தேகமான பரிவர்த்தனை பற்றி வங்கியின் கணினி எழுப்பும் ஒரே ஒரு அலர்ட்டைக் கற்பனை செய்துகொண்டு படித்தேன். மரச்சாமான் இறக்குமதி செய்யும் சிறு நிறுவனம். அதன் கணக்குக்கு, என்ன தொழில் என்றே புரியாத ஒரு வெளிநாட்டுக் கம்பெனியிடமிருந்து பணம் வருகிறது, இரண்டே நாளில் மூன்றாவது நாட்டுக்குப் போய்விடுகிறது. இறக்குமதி செய்பவர் பணம் அனுப்பத்தானே வேண்டும், அவருக்கு ஏன் வருகிறது? தொகை எவ்வளவு என்பதைவிட இந்த முரண்தான் முக்கியம். அப்புறம் கேஒய்சி கோப்பு, கணக்கு தொடங்கும்போது சொன்ன வருமானம், பழைய பரிவர்த்தனைகள், உண்மையான உரிமையாளர் யார், தடைப் பட்டியலில் பெயர் இருக்கிறதா, இன்வாய்ஸில் உள்ள விலை சந்தை விலையோடு ஒத்துப்போகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். விளக்கம் பொருந்தினால் காரணத்தை எழுதி அலர்ட்டை மூடலாம், பொருந்தாவிட்டால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு எஸ்டிஆர், அதாவது சந்தேகப் பரிவர்த்தனை அறிக்கை. குற்றத்தை நிரூபிப்பது வங்கியின் வேலை இல்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் போதும்.

நான் அதிகம் தப்பு செய்தது இங்கேதான். "உடனே கணக்கை மூடு" என்ற விடை வீரமாகத் தெரியும், சொடுக்கிவிடுவேன். மூடினால் ஆள் உஷாராகிவிடுவார், புலனாய்வு அமைப்பே சில சமயம் கணக்கைத் திறந்து வைக்கச் சொல்லும். வாடிக்கையாளரிடம் இன்வாய்ஸ் கேட்பது தப்பில்லை, அறிக்கை அனுப்பியதைச் சொல்வதுதான் டிப்பிங் ஆஃப். எஃப்ஏடிஎஃப்-இன் 21-ஆம் பரிந்துரை அதைத்தான் தடுக்கிறது.

கரஸ்பாண்டன்ட் வங்கி, அதாவது வேறொரு வங்கிக்காக இடையில் நின்று பணத்தைக் கடத்திவிடும் வங்கி, பற்றிய பகுதியைத் தயவுசெய்து ஒதுக்காதீர்கள். முன்பு கவர் முறையில், வாடிக்கையாளர் விவரம் உள்ள எம்டி 103 என்ற ஸ்விஃப்ட் செய்தி நேராகப் பெறுநரின் வங்கிக்குப் போகும், பணம் எம்டி 202 என்ற இன்னொரு செய்தி வழியாக இடையில் உள்ள வங்கிகளைக் கடக்கும், அந்த 202-இல் அனுப்புபவர் பெயரோ பெறுபவர் பெயரோ இருக்கவில்லை. நடுவில் இருப்பவர் எதைச் சோதிப்பார்? அதனால்தான் அந்தப் பெயர்களையும் சுமக்கும் 202 கவ் 2009-இல் வந்தது. இப்போது ஐஎஸ்ஓ 20022 என்ற புதிய செய்தி வடிவத்தில் பேக்ஸ் 008, 009 என்று பெயர்கள் மாறிவிட்டன, சிக்கலின் அடிப்படை அதேதான். யார், யாருக்கு என்ற விவரம் செய்தியோடு கடைசி வரை பயணிக்க வேண்டும் என்கிறது 16-ஆம் பரிந்துரை.

கேள்வியைப் படித்ததும் நீங்கள் எந்த வங்கியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். இடை வங்கி என்றால் அந்த மரச்சாமான்காரர் உங்கள் வாடிக்கையாளரே இல்லை. அவரை அழைத்து விசாரிக்கும் விடையை அடித்துவிட்டு, அவருடைய வங்கிக்கு விவரம் கேட்டு எழுதும் விடையைத் தேடுங்கள்.