தில்லி தனியார் மருத்துவமனையில் இலவசப் படுக்கை: நாங்கள் பெற்ற விதம்

சித்தப்பாவுக்குச் சென்ற வாரம் இதய ரத்தக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் பொருத்தியாயிற்று; ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை. அதற்காக நாங்கள் பட்ட பாட்டை, தில்லியில் இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

அரசு மருத்துவமனையில் ஆஞ்சியோ நன்றாகவே எடுத்தார்கள். ஸ்டென்ட்டுக்கான தேதிதான் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. அவ்வளவு காலம் பொறுக்கக் கூடாது என்று மருத்துவரே சொன்னதால் தனியார் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். எஸ்டிமேட் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. மருந்து பூசிய ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு 29,600 ரூபாய் என்று உச்ச விலை விதித்தது. அதற்கு முன் அது லட்சத்துக்கும் மேல் விற்றது. அப்படியிருந்தும் தொகை ஏறியதற்குக் காரணம் அறை வாடகை, மருத்துவர் கட்டணம், ஊசி, குழாய் போன்றவை. 2018இல் தில்லி வட்டாரத் தனியார் மருத்துவமனைகள் நான்கின் பில்களை ஆராய்ந்த தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம், சில பொருள்களில் 1,700 விழுக்காட்டுக்கும் மேல் லாபம் வைக்கப்பட்டிருந்ததைக் கண்டறிந்தது. விலையைச் சந்தையே சரிசெய்துகொள்ளும் என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: நெஞ்சில் அடைப்போடு இருப்பவர் எத்தனை இடத்தில் விலை விசாரிக்க முடியும்?

அந்த மருத்துவமனை நிற்பது சலுகை விலையில் பெற்ற அரசு நிலத்தில். அப்படி நிலம் பெற்றவர்கள் உள்நோயாளிப் படுக்கைகளில் 10 விழுக்காட்டையும் புறநோயாளி சேவையில் 25 விழுக்காட்டையும் பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு முற்றிலும் இலவசமாகத் தர வேண்டும் என்பது 2007இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு. 2018இல் உச்ச நீதிமன்றமும் இந்தக் கடமையை உறுதி செய்தது. நிலத்துக்கு அவர்கள் கொடுக்க வேண்டிய விலையில் ஒரு பகுதி இது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு இ.டபிள்யூ.எஸ். (பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்) கவுன்டருக்குப் போங்கள். கெஞ்சுகிறவர்களைத்தான் அங்கே எளிதாகத் திருப்பி அனுப்புகிறார்கள்.

முதலில் படுக்கை காலி இல்லை என்றார்கள். காலியிட விவரம் தில்லி சுகாதாரத் துறையின் இணையதளத்தில் இருந்ததால், அதை அச்செடுத்து நீட்டினேன். உடனே முகவரியில் பிடித்துக்கொண்டார் எழுத்தர். சித்தப்பாவின் ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் இருப்பது, தமிழர்கள் வாழ்ந்த குடிசைப் பகுதியான ஜங்புரா மதராஸி கேம்ப் முகவரி. அந்தக் குடியிருப்பு 2025 ஜூனில் இடிக்கப்பட்டுவிட்டது. இல்லாத இடத்தின் முகவரியை ஏற்க முடியாது என்றார். நகரத்தின் வடகோடியிலுள்ள நரேலா வரை போய், அங்கே அவருக்கு மாற்று வீடு ஒதுக்கிய கடிதத்தை எடுத்துக்கொண்டு திரும்பினால், அன்று அமர்ந்திருந்த வேறொருவர் அதைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வருமானச் சான்றிதழ் கேட்டார். வீடு இழந்த மனிதரை, அந்த இழப்பையே காரணம் காட்டி அலைக்கழித்ததை என்னால் இன்னும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"சரி, மறுப்பதாக எழுதி, தேதியும் நேரமும் போட்டு, கையெழுத்திட்டுக் கொடுங்கள், சுகாதாரச் சேவைகள் இயக்குநரகத்தில் புகாரோடு சேர்க்கிறேன்" என்று இந்தியில் நிதானமாகச் சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். சற்று நேரத்தில் இலவசப் பிரிவுக்கான தொடர்பு அலுவலர் இறங்கி வந்தார். வருமான உறுதிமொழிப் படிவத்தையும் கையிலிருந்த காகிதங்களையும் வாங்கிக்கொண்டு அனுமதி போட்டார்.

அன்று மாலையே சேர்த்துக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் காலை செவிலியர் ஒருவர் மருந்துச் சீட்டைச் சித்தியிடம் கொடுத்து, கீழே மருந்தகத்தில் பணம் கட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறார். நான் போய்ச் சேர்ந்தபோது சித்தி கம்மலைக் கழற்றிக் கைக்குள் வைத்திருந்தார். மருந்து, பரிசோதனை, ஊசி, குழாய் எல்லாமே இலவசத்துக்குள் அடங்கும் என்பது 2007 தீர்ப்பிலேயே இருக்கிறது. தொடர்பு அலுவலரிடம் சீட்டைக் காட்டியதும் மருந்துகள் வார்டுக்கே வந்து சேர்ந்தன. சித்தி மட்டும் தனியாக இருந்திருந்தால் கம்மல் போயிருக்கும். எனவே இந்தியோ ஆங்கிலமோ தெரிந்த ஒருவர் நோயாளியோடு எப்போதும் இருக்கட்டும். சம்மதப் படிவங்களில் சொந்தச் செலவு பற்றிய வரி இருந்தால் அதை அடித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். வருமான வரம்பு அவ்வப்போது மாறுவதால், போகும் முன் நடப்புத் தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் இ.டபிள்யூ.எஸ். முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். எங்களுக்கு முதலில் போடவில்லை. கேட்டுப் போட வைத்தோம். அடுத்த மாதப் பரிசோதனைக்கு அதைக் காட்டித்தான் புறநோயாளிச் சீட்டு இலவசமாக வாங்கப் போகிறோம்.