பல் தெரியாத சிரிப்பு

"அப்பாவைக் கொஞ்சம் சிரிக்க வையுங்கோ அண்ணா." இறந்தவரின் அந்தியேட்டிச் சடங்கு வீடியோவுக்காக ரொறன்ரோவிலிருந்து அவருடைய மகள் வட்ஸ்அப்பில் கேட்டது. கையில் இருந்தது அடையாள அட்டைக்கு எடுத்த ஒரேயொரு படம். "பல் தெரியச் சிரிச்சா முகம் மாறிப்போடும் தங்கச்சி" என்று மறுத்துவிட்டேன். சொன்னது உண்மை. மறுத்ததற்குக் காரணம் அதுதானா என்பதில்தான் இன்னும் தெளிவில்லை.

ஒரு படத்தை ஏஐ கருவியால் அசையவைக்கும்போது, படத்தில் இருப்பதை ப்ரொம்ப்டில், அதாவது கருவிக்கு எழுதும் கட்டளையில், திரும்ப எழுதக்கூடாது. நரைத்த தலை, வெள்ளைச் சேட் என்று எழுதினால் அவற்றைப் புதிதாக வரைய வெளிக்கிடும். அசைவை மட்டும் எழுதவேண்டும்: கமரா அசையாமல் நிற்கிறது, அவர் ஒருமுறை மெல்லக் கண் இமைக்கிறார், மூச்சோடு தோள் சற்று ஏறி இறங்குகிறது, உதடுகள் மூடியிருக்கின்றன. "பேசவேண்டாம்" என்று எழுதினால் பல நேரம் வாய் திறந்துகொள்ளும். வேண்டாததை விட்டு வேண்டியதைச் சொல்வதே நல்லது. 5 விநாடி போதும். 10 விநாடிக்கு நீட்டினால் பின்பாதியில் முகம் மெல்ல வேறொருவருடையதாகிவிடும். தலையைத் திருப்பச் சொல்வது அதைவிட மோசம். படத்தில் இல்லாத காதையும் கன்னத்தையும் அது தானாகக் கட்டவேண்டும். பல்லும் அப்படித்தான். வாய் மூடிய படத்திலிருந்து சிரிப்பைக் கேட்டால், யாருடையதோ ஒரு வெள்ளைப் பல்வரிசை வந்து நிற்கும்.

ஆனால் வழி இல்லாமலில்லை. க்ளிங் போன்ற கருவிகளில் தொடக்கப் படமும் முடிவுப் படமும் கொடுக்கலாம். அவர் சிரித்த படம் ஒன்று வீட்டு அல்பத்தில் கிடைத்திருந்தால், அதை முடிவில் வைத்து இந்த முகத்தை அந்தச் சிரிப்புக்குக் கொண்டுபோயிருக்கலாம். பல்லும் அவருடையதாகவே இருந்திருக்கும். அது தெரிந்தும் நான் கேட்கவில்லை.

செத்தவரைச் சிரிக்கவைக்க மனம் ஒப்பவில்லை என்று சொல்லலாம். அப்படியென்றால் மூச்சுவிட வைத்தது? இமைக்க வைத்தது? அவற்றை நானேதான் எழுதினேன். படத்தில் கோட்டும் ரையும் வரைந்து கொடுக்காத ஸ்ரூடியோ யாழ்ப்பாணத்தில் எங்கே இருந்தது. அதை ஒருவரும் பொய் என்று சொன்னதில்லை. கோட் முகத்தைத் தொடவில்லை என்று ஒரு சமாதானம் இருக்கிறது. இமை முகத்தில்தானே இருக்கிறது.

இப்போது வேலை எடுக்கும்போதே "சிரிச்ச படம் ஒண்டும் அனுப்புங்கோ" என்கிறேன். வந்தால் செய்வேனா? வயதுபோய்ப் போனவர் என்றால் ஓம் என்று வாயில் வருகிறது. இளவயதில் போன பிள்ளையின் படம் என்றால் திரும்பவும் பல்லைத்தான் காரணம் சொல்வேன் போலிருக்கிறது.