பழைய ஹைபிரிட் சைக்கிள் தேடிய ஒன்பது வாரங்கள்

ஜூன் 7, சனி

வீடு ஆரையம்பதியில், வேலை மட்டக்களப்பு நகரத்தில். ஒரு வழிக்கு ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர். காத்தான்குடியின் பேரீச்ச மரங்களைத் தாண்டி, மஞ்சந்தொடுவாய், நாவற்குடா, கல்லடி என்று போய்ப் பாலத்தைக் கடந்தால் நகரம். வழி நெடுகச் சமதரை. மேடு என்று சொல்ல அந்தப் பாலம் ஒன்றுதான் உண்டு.

இரண்டு வருடமாக மாமாவின் பார் சைக்கிளில் (கியரில்லாத, கனத்த பழைய ஆண்கள் சைக்கிள்) போய் வருகிறேன். நன்றாக உழைத்த வண்டி, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று எழும்பியதும் அதன் கனம் தெரிகிறது. 38 நிமிடம் எடுக்கிறது, அலுவலகம் சேரும்போது சட்டை முதுகோடு ஒட்டிவிடுகிறது. கியருள்ள, கனம் குறைந்த, நிமிர்ந்து அமரக்கூடிய ஒரு சைக்கிள் வேண்டும். அப்படியானதைத்தான் ஹைபிரிட் என்கிறார்கள். புதியது என் கைக்கு எட்டாது. திருத்தச் செலவும் சேர்த்து 45,000 ரூபாய் என்று எல்லை வைத்திருக்கிறேன்.

2022-இல் பெட்ரோல் கிடைக்காமல் வரிசையில் நின்ற மாதங்களில் எங்கள் பக்கத்தில் பலர் சைக்கிள் வாங்கினார்கள். பெட்ரோல் திரும்பி வந்ததும் அவற்றில் பல விறாந்தையில் ஏறிவிட்டன. ஆகவே தேடினால் கிடைக்கும் என்பது என் நம்பிக்கை.

ஜூன் 10

சைக்கிளைப் பார்க்கும் முன் டயரைப் பார்க்கப் போனேன். இதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

காத்தான்குடியில் நான் வழக்கமாகப் போகும் சைக்கிள் திருத்தும் கடைக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே இப்படித்தான் அழைப்போம்), சுவரில் தொங்கிய டயர்களை ஒவ்வொன்றாக இறக்கிக் காட்டினார். "தம்பி, பெரிய எழுத்தைப் பார்க்காதீர்கள். பக்கத்தில் சின்னதாக இருக்கும் எண்ணைப் பாருங்கள்" என்றார். பார் சைக்கிளின் 28×1½ டயரில் 635 என்றிருந்தது. ஹைபிரிட்டுக்கு வரும் 700சி டயரில் 622. ரிம்மில் டயர் உட்காரும் இடத்தின் விட்டம் மில்லிமீட்டரில் அது. சில 700சி டயர்களிலும் 28 என்று எழுதியிருப்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடலாம், ஆனால் 13 மில்லிமீட்டர் இடிக்கும். 26 அங்குலத்திலும் இதே சிக்கல் உண்டு. மலைச் சைக்கிளின் 26×1.95 என்பது 559, ஜப்பான் லேடீஸ் சைக்கிளின் 26×1⅜ என்பது 590. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது.

635 எந்த மூலைக் கடையிலும் கிடைக்கும். 622 அப்படியில்லை. காக்காவிடம் மூன்றே மூன்று இருந்தன, 700×35. ஒன்றின் விலை 3,200. அவை தீர்ந்துவிட்டால் கொழும்பிலிருந்து எடுப்பிக்க ஒரு வாரமாகுமாம். மூன்றையும் எனக்கென்று ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன். சைக்கிள் இன்னும் இல்லை.

வால்வையும் பார்க்கச் சொன்னார். மெல்லிய வால்வு போட்ட டியூபாக இருந்தால் வழியில் காற்றடிக்கக் கடை கடையாக அலைய வேண்டிவரும். மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோலத் தடித்த வால்வென்றால் எங்கும் அடிக்கலாம்.

ஜூன் 14, சனி

களுவாஞ்சிகுடியில் ஒன்று. 38,000 கேட்டார்கள். முன் சில்லைப் பிடிக்கும் கவையில் அதிர்வு தாங்கும் ஷாக் வைத்தது, புதுச் சிவப்புப் பூச்சு, கண்ணைப் பறித்தது. நான் கொண்டுபோனது ஓர் அடிமட்டம், தையல் நூல், காந்தம். அவ்வளவு போதும்.

நூலைப் பின் அச்சுப் பொருந்தும் இடத்தில் ஒரு பக்கம் கட்டி, ஹாண்டில் நுழையும் முன் கழுத்தைச் சுற்றி வளைத்து, மறுபக்கம் கொண்டுவந்து அதே இடத்தில் கட்டினேன். இப்போது நடுவிலுள்ள சீற் குழாய்க்கு இரண்டு பக்கமும் நூல் ஓடுகிறது. இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் 28 மில்லிமீட்டர், மறுபக்கம் 34. சட்டம் வளைந்திருக்கிறது, அதன்மேல் புதுப்பூச்சு. விற்பவர் "ஓட்டத்தில் தெரியாது" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டதே. எழுந்து வந்துவிட்டேன்.

ஷாக் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தக் கரையோரத் தட்டை வீதியில் அது எதற்கு? மலிவான ஷாக் ஓர் இரும்புச் சுமை. உப்புக் காற்றில் உள்ளே துருப்பிடித்து இறுகிவிட்டால் சுமை மட்டுமே மிஞ்சும். வீதியின் சிறு அதிர்வை 35 மில்லிமீட்டர் அகல டயரே வாங்கிக்கொள்ளும். நேரான கவை உள்ளதையே வாங்குவேன்.

ஜூன் 21, சனி

ஏறாவூர். இதை இழந்ததுதான் வலிக்கிறது. அலுமினியச் சட்டம் (காந்தம் ஒட்டவில்லை), 700சி சில்லு, நேரான கவை, நூல் இரு பக்கமும் ஒரே அளவு. ஆனால் சீற்றை இறக்க முடியவில்லை. அலுமினியக் குழாய்க்குள் இரும்புத் தண்டு. கிறீஸ் போடாமல் விட்டால் உப்பு ஈரத்தில் அலுமினியம் அரிக்கப்பட்டு இரண்டும் கவ்விக்கொள்ளும். இருவர் சேர்ந்து திருகியும் அசையவில்லை. அது 21 அங்குலச் சட்டம் வேறு, காலை அகட்டி நின்றால் மேல் குழாய் தொடையிடுக்கில் முட்டுகிறது. இரண்டு விரல் இடைவெளியாவது இல்லாமல் நெரிசலில் சட்டென்று காலூன்ற முடியாது. என் உயரத்துக்கு 18 அங்குலம் போதும்.

வீட்டுக்காரர் நல்ல மனிதர். தேநீர் தந்து, "மகன், பொருந்தாததை வாங்காதீர்கள்" என்று அவரே சொன்னார்.

ஜூலை 5, சனி

கிடைத்துவிட்டது!

கல்லடியில், கடலிலிருந்து நடை தூரத்தில் உள்ள வீடு. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 2022-இல் வாங்கி ஒரு வருடம் ஓடிவிட்டு, முழங்கால் வலியால் நிறுத்தியது. ஜப்பானிலிருந்து வந்த பழைய சைக்கிள், பெயர் ஒட்டுகள் உரிந்துவிட்டன. இரும்புச் சட்டம், 18 அங்குலம், நேரான கவை, 700சி, முன்னால் மூன்று பின்னால் ஏழு கியர். செயின் செங்கல் நிறத்தில் இருந்தது. டயர்ப் பக்கச் சுவர் வெடித்திருந்தது. இரண்டையும் பார்த்து நான் கலங்கவில்லை, அவை எப்படியும் மாற்றும் பொருட்கள்.

மாற்ற முடியாதவற்றைத்தான் தடவித் தடவிப் பார்த்தேன். நூல் இரு பக்கமும் 31. கழுத்துக்குப் பின்னால் குழாய்கள் சேரும் இடத்தில் பூச்சுச் சுருங்கவோ வெடிக்கவோ இல்லை, அதாவது முன்னால் மோதிய வண்டி அல்ல. முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டியபோது கழுத்தில் தட்டல் இல்லை. பெடல் தண்டைப் பக்கவாட்டில் அசைத்தாலும் ஆட்டமில்லை. சீற் தண்டு சிணுங்கிக்கொண்டு இறங்கியது. பின் சில்லு நான்கு மில்லிமீட்டர் கோணல். கம்பிகள் எல்லாம் இருந்தன, ரிம்மில் கீறல் இல்லை, இழுத்து நேராக்கலாம்.

32,000 கேட்டார். மாற்ற வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் சொன்னேன். 28,500-க்குத் தந்தார். சட்டத்தின் அடியிலுள்ள இலக்கத்தையும் தம் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையொப்பமிட்டும் தந்தார். "சேர், இது தேவையா?" என்று அவருடைய மகள்தான் என்னிடம் கேட்டார். தேவைதான். திருட்டுச் சைக்கிள் கைமாறும் ஊரில் இந்த ஒரு தாள் இருவருக்கும் பாதுகாப்பு.

ஜூலை 12, சனி

காக்காவின் கடையில் முழுநாள். பின் சில்லின் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீலை மண்ணெண்ணெயில் ஊறவைத்துக் கழுவினோம். பழைய செயினை அளந்து பார்த்தேன். ஓர் ஆணியின் நடுவிலிருந்து, அதை விட்டு எண்ணினால் வரும் 24-ஆவது ஆணியின் நடுவரை சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். ஒரு வீசம், அதாவது ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்ற வேண்டும். அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒரு பங்கு கூடினால் ஃப்ரீவீலின் பற்களும் தேய்ந்திருக்கும். என்னுடையது அரைக்காலைத் தொட்டது. காக்கா ஃப்ரீவீலையும் மாற்றச் சொன்னார். காசை நினைத்து நான் வேண்டாம் என்றேன்.

மூன்று டயர் (ஒன்று கையிருப்பு) 9,600. செயின் 1,800. கேபிள்கள் 900. பிரேக் கட்டை 600. கூலி 2,500. சைக்கிளோடு சேர்த்து 43,900.

ஜூலை 15

காக்கா சொன்னதே நடந்தது. நடுவிலுள்ள இரண்டு பல்சக்கரங்களில் அழுத்தி மிதித்தால் புதுச் செயின் துள்ளி வழுக்குகிறது. பாலத்தின் ஏற்றத்தில், பின்னால் பஸ் வரும்போது, கால் வெறுமையில் விழுந்தது. அன்று மாலையே ஃப்ரீவீலை மாற்றினேன், 2,200. மொத்தம் 46,100. எல்லையைத் தாண்டிவிட்டேன். இது முதல் நாளே செலவழித்திருக்க வேண்டிய காசு.

ஆகஸ்ட் 2, சனி

மூன்று வாரம் ஓடியாயிற்று. காலையில் 27, 28 நிமிடம். மாலையில் கடற்காற்று இடப்பக்க முன்னாலிருந்து அடிப்பதால் 31 வரை போகிறது.

கியரைப் பற்றி ஒன்று கண்டுகொண்டேன். 21 கியர் இருந்தாலும் நான் தொடுவது நான்கை. முன்னால் நடுச்சக்கரம் 38 பல், பின்னால் 18. ஒரு சுற்று மிதித்தால் நாலரை மீட்டருக்குச் சற்று மேல் போகிறது, நிமிடத்துக்கு 70 சுற்று என்றால் மணிக்கு 19 கிலோமீட்டர். காற்று எதிர்த்தால் பின்னால் ஒரு பல்சக்கரம் பெரியதாக மாற்றுகிறேன்; கால் அதே வேகத்தில் சுற்றுகிறது, வேகம் மட்டும் குறைகிறது. மாமாவின் வண்டியில் காற்று எதிர்த்தால் எழுந்து நின்று மிதிப்பதைத் தவிர வழியில்லை. சட்டை இப்போது ஒட்டுவதில்லை என்று சொல்லமாட்டேன், வெயில் அப்படி. ஆனால் போய்ச் சேர்ந்ததும் மூச்சு வாங்கவில்லை.

கியர் எத்தனை என்று எண்ணி விலை கேட்பவர்களும் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். நம் பக்கத்துக்குப் பின்னால் மட்டும் ஏழு இருந்தாலே தாராளம்.

வெள்ளிதோறும் செயினைப் பழந்துணியால் துடைத்து, மோட்டார் சைக்கிள் செயினுக்கு விடும் எண்ணெயை ஆணிக்கு ஒரு துளி விட்டு, மிச்சத்தை மறுபடி துடைக்கிறேன். தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்த நண்பருக்கு மணல் ஒட்டிச் செயின் பசையாகிவிட்டது. காற்றில் உப்பும் வீதியோரம் முழுதும் மணலும் இருக்கும் ஊரில் இந்தத் துடைப்பை விட முடியாது. சீற் தண்டுக்குக் கிறீஸ் பூசிவிட்டேன். ஏறாவூர் வண்டி இன்னும் நினைவில் நிற்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

மாரி தொடங்கும் முன் மட்கார்ட் வேண்டும். சட்டத்திலும் கவையிலும் அதற்கான திருகு துளைகள் உள்ளன, கல்லடியில் நான் முதலில் குனிந்து பார்த்தவற்றில் அவையும் உண்டு. 700சி மட்கார்ட் எங்கும் கிடைக்கவில்லை. 28 அங்குலப் பார் சைக்கிள் மட்கார்ட்டைப் போடலாம் என்கிறார் காக்கா. டயருக்கு இடித்த அதே 13 மில்லிமீட்டர் இங்கே கொஞ்சம் கூடுதல் இடைவெளி, அவ்வளவுதான். மாமாவின் வண்டியிலிருந்து பின் மட்கார்ட்டைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். நாளை பொருத்திப் பார்க்கப் போகிறோம்.