பிளாஸ்க்குடன் வந்தவர்

"அப்படியானால் இதை எங்கே வைப்பது?" என்று கேட்டார் அந்த முதியவர். கையில் எவர்சில்வர் பிளாஸ்க். ஜெர்மனியின் சின்ஸ்ஹைம் நகரில், கால்பந்து அரங்கின் வாசலில் வருபவர்களைச் சோதித்து உள்ளே அனுப்பும் வேலை எனக்கு. "கேட் நிஷ்ட்" என்றேன் இரண்டாம் முறையாக. முடியாது என்பதற்கு என் நாக்குக்குப் பழகியிருந்த ஜெர்மன் சொற்கள் அவை. அவர் பிளாஸ்க்கைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டு ரயில் நிலையத்தை நோக்கி நடந்தார்.

எறிந்தால் மண்டை உடையும் பொருளை உள்ளே விட முடியாது. சின்ஸ்ஹைமின் மக்கள்தொகையே ஏறக்குறைய 35,000. அரங்கில் 30,150 இடங்கள். ஒருவரிடம் நின்று பேசினால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கிவிடும். "சந்தேகம் வந்தால் என்னைக் கூப்பிடு" என்று மேற்பார்வையாளர் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தேகமே வரவில்லை.

போகும் முன் முதியவர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது: "ஹோஃபன்ஹைமில் இதோடுதான் உட்கார்ந்திருப்பேன்." இந்த அரங்கின் சொந்த அணியான ஹோஃபன்ஹைம், 2009இல் இங்கே வருவதற்கு முன்பு பல ஆண்டுகள் அதே பெயருள்ள கிராமத்தில் ஆடியது. எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டீட்மார் ஹோப்பின் பணத்தால் உயர்ந்த அணி என்று பிற ஊர் ரசிகர்கள் இன்றும் ஏசுகிறார்கள். பணம் வருமுன்னே வேலியோரம் நின்று அந்த அணியைப் பார்த்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவரையா திருப்பி அனுப்பினேன்?

இதே அரங்கில் 2013 அக்டோபர் 18 அன்று எதிரணியான லெவர்குசனின் வீரர் கீஸ்லிங் தலையால் முட்டிய பந்து, கோல் கம்பத்துக்கு வெளியே போய், பக்கவலையின் ஓட்டை வழியாக உள்ளே போனது. நடுவர் கோல் என்றார். பிறகு உண்மை தெரிந்தும் முடிவு மாற்றப்படவில்லை. களத்தில் எடுத்த முடிவு நிற்கத்தான் வேண்டும் என்று இதைக்கொண்டு பலமுறை என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த நடுவர் கீஸ்லிங்கிடமாவது பேசினார்.

மொழி போதவில்லை என்பதும் பொய். "மோமென்ட் பிட்டெ", சற்றுப் பொறுங்கள், என்பதை முதல் வாரமே கற்றிருந்தேன்.

சில வாரங்கள் கழித்து மேற்பார்வையாளரிடம் சொன்னேன். சரியாகத்தான் செய்தாய் என்பார், மனம் ஆறும் என்று நினைத்தேன். அப்படியே சொன்னார். "உள்ளே விட்டிருந்தால் கண்டித்திருப்பேன்" என்றவர், "பொருள்களை வாங்கி வைக்கும் இடத்துக்கு அனுப்பினாய் அல்லவா?" என்று கேட்டார்.

அந்த இடம் நான் நின்ற வாசலுக்குப் பின்புறம்தான் இருந்தது. முதல் நாளே காட்டியிருந்தார்கள். எங்கே வைப்பது என்று முதியவர் கேட்டது வெறும் கேள்வி. நான் அதைக் கெஞ்சலாக எடுத்துக்கொண்டேன்.