முகத்துவாரத்தில் ஒரு மரமும் நடாத நாள்

மட்டக்களப்பு நகரிலிருந்து முகத்துவாரம் கலங்கரை விளக்கம் ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர் தொலைவுதான். அதற்கு 1500 ரூபா கேட்ட ஓட்டோக்காரரோடு காலை ஆறரை மணிக்குப் பேரம் பேச எனக்குத் தெம்பில்லை. கொழும்பிலிருந்து வந்த இரவு பஸ்ஸில் குளிரூட்டியின் தண்ணீர் இடது தோளில் விடியும்வரை சொட்டியதால், பொலன்னறுவைக்குப் பிறகு நான் கண் மூடவேயில்லை. இரண்டு நாளுக்கென எடுத்து வைத்த 6000 ரூபாவில் கால்வாசி, வேலை தொடங்குமுன்னரே தீர்ந்தது.

வாவிக்கரைப் பூங்காவில் நம் மண்ணின் செடிகொடிகளை மீட்டெடுக்கும் தொண்டர்களோடு ஒருநாள் வேலை செய்யத்தான் வந்தேன். சேற்றில் இறங்கிக் கண்டல் (அலையாத்தி) கன்று நட்டு, 1913இல் கட்டிய அந்தக் கலங்கரை விளக்கம் பின்னால் தெரியப் படமும் எடுத்துக்கொள்ளலாம் என்பது என் கணக்கு. குழுவை நடத்தும் ஓய்வுபெற்ற ஆசிரியரோ என் கையில் ஓர் அலவாங்கைத் தந்தார். "நடுறதுக்கு ஆக்கள் நிறைய வருவாங்க தம்பி, புடுங்குறதுக்குத்தான் ஆளில்ல" என்றார்.

பிடுங்க வேண்டியது ‘இப்பில் இப்பில்’ என்ற மரத்தின் கன்றுகளை. மெக்சிக்கோப் பக்கத்திலிருந்து கால்நடைத் தீவனத்துக்கும் விறகுக்குமென உலகெங்கும் பரவிய இந்த மரம், வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கும். அதன் விதைகளோ மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே கத்தி உதவாது. தை மாத மழையில் மண் இளகியிருக்கும்போதே ஆணிவேரோடு கிளப்பியாக வேண்டும். முழங்கால் உயரக் கன்று ஒன்றுக்கு இவ்வளவு நீளமான வேர் எதற்கென்று திட்டிக்கொண்டே மூன்று மணி நேரத்தில் நாற்பதைக்கூட நான் எட்டவில்லை. பக்கத்தில் நின்ற ஏ.எல். மாணவி நூறைத் தாண்டியிருந்தார்.

இடைவேளையில், கண்டல் நடாமல் இதென்ன வேலை என்று கேட்டேவிட்டேன். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் கண்டல் நட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வொன்றைப் பற்றி ஆசிரியர் சொன்னார்: அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லையாம். பொருந்தாத இடத்தில் நட்டதும், நட்டபின் எவரும் எட்டிப் பாராததும், மாடுகள் மிதித்ததுமே காரணங்கள். மட்டக்களப்பு வாவியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மணல் திட்டு முகத்துவாரத்தை மூடியிருக்கும்போது மழை வெள்ளம் கடலுக்கு வடியாமல் வாவியிலேயே தேங்கும். சிறு கன்றுகள் நாட்கணக்கில் மூழ்கி மூச்சுமுட்டிச் சாகும். ஆகையால் தாமாக முளைத்த கண்டலையும் தில்லை மரத்தையும் மாடு தொடாமல் வேலியிட்டுக் காப்பதே இவர்களின் முதல் வேலை. (தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்பதை, அதன் கிளையை நான் பிடித்த பிறகுதான் சொன்னார்கள்.)

கடற்கரைப் பக்கம் போனபோதுதான் எனக்கு உண்மையிலேயே உற்சாகம் பிறந்தது. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் ஏறாதபடி கயிறு கட்டிய மணலில், இராவணன் மீசைப் புல்லுக்கு நடுவே அடம்பன் கொடி கணுவுக்குக் கணு வேரூன்றி ஊதாப் பூக்களோடு படர்ந்து கிடந்தது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று மேடைகளில் கேட்டுக் கேட்டுச் சலித்த எனக்கு, அந்தக் கொடி மணலைப் பிடித்துவைத்திருக்கும் அழகை அன்றுதான் பார்க்கக் கிடைத்தது.

மதியச் சோற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். சிவப்பரிசிச் சோறு, வாவி இறால் குழம்பு, முருங்கையிலைச் சுண்டல், கடைசியில் எருமைத் தயிர். கொழும்பில் 1200 ரூபா கொடுத்தாலும் இப்படியொரு இறால் இலையில் விழாது. மூன்றாம் முறை சோறு கேட்க மட்டும் கூச்சமாக இருந்தது.

திரும்பும்போது மீட்டர் போட்ட ஓட்டோ ஒன்று கிடைத்தது; 560 ரூபா. என் காற்சட்டையைப் பார்த்த சாரதி, நான் ஏறுமுன் இருக்கையில் பழைய பத்திரிகையை விரித்துவிட்டார்.