வெடச்சேவலும் ரத்தக்கழிச்சலும்

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் புதுக்கோட்டைப் பக்கம் கோழி வளர்க்கிறவர்களுக்கு ஒரே கவலைதான். ஒரு கோழி இறக்கையைத் தொங்கப்போட்டு நின்றால் போதும், "கழிச்சல் வந்திருச்சு" என்று முடிவுகட்டி, மிச்சக் கோழிகளைக் கேட்ட விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. வெள்ளைக்கழிச்சல் என்கிற ராணிக்கெட் நோய் வந்துவிட்டால் அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. தடுப்பூசி ஒன்றுதான் வழி. நாலைந்து நாளில் கூண்டே காலியாகிவிடும். ஆனால் தலை தொங்குகிற கோழிக்கெல்லாம் அந்த நோய்தான் என்று சொல்லிவிட முடியாது. போன மழைக்காலத்தில் எங்கள் சிறுவிடை என்கிற நாட்டுரகச் சேவல் ஒன்று படுத்தபோது, அது என்ன நோய் என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. மருந்து கொடுத்ததெல்லாம் அப்புறம் சுலபம்.

ஆவணியில் பொரித்த குஞ்சு அது. மூன்று மாத வெடச்சேவல், அதாவது இளஞ்சேவல், முக்கால் கிலோ தேறும். கொண்டை அப்போதுதான் சிவக்க ஆரம்பித்திருந்தது. காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும் முதல் ஆளாக ஓடுகிறவன், அன்றைக்கு ஓரமாக முடியைச் சிலிர்த்துக்கொண்டு கண்ணை மூடி நின்றான். குருணையைப் போட்டால் திரும்பிப் பார்க்கவில்லை. கொண்டை வெளிறிப்போயிருந்தது. ரெண்டடி நடந்தால் கால் தள்ளாடியது.

சித்தப்பா வந்து பார்த்தார். "பேசாம அறுத்துக் குழம்பு வச்சிரு. செத்துப்போனா அதுவும் வீணாப் போயிரும்."

அப்பத்தாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "கருப்பருக்கு நேந்துவிட்டதுடா அது. அதைப் போய் அறுக்கச் சொல்றியே!"

சீக்குக் கோழியை அறுத்துச் சாப்பிடுவது எனக்கும் ஒப்பாது. அதனால் கருப்பர் என் பக்கம் நின்றதில் சந்தோஷம்தான்.

முதலில் அவனைத் தனியாகப் பிரித்தேன். அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, மேலே ஒரு ஓரத்தில் 40 வாட்ஸ் குண்டு பல்பு கட்டினேன். வேண்டுமென்றால் சூட்டுக்கு வரலாம், வேண்டாமென்றால் தள்ளிப் போகலாம். மழைக்குளிரில் சீக்குக் கோழிக்கு உடம்புச் சூட்டைக் காப்பாற்றிக்கொள்வதே பெரும்பாடு. பெட்டியில் போட்டதில் இன்னொரு லாபமும் உண்டு: எச்சம் எப்படிப் போகிறது என்று பார்க்க முடியும். முற்றத்தில் திரிகிற கோழியின் எச்சம் எது என்று யார் கண்டார்?

அப்புறம் மடியில் வைத்துத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். அலகைத் திறந்தால் வாய்க்குள் வெள்ளைப் படலமோ புண்ணோ இல்லை. கண்ணில் நுரை இல்லை, மூக்கில் சளி இல்லை, காதில் வைத்துக் கேட்டால் கர்ர் சத்தமும் இல்லை. அப்படியானால் சளி நோய் இல்லை. இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் முடியை விலக்கிப் பார்த்தேன். கோழிப்பேன் ஒன்றிரண்டு ஓடியது, ஆளைச் சாய்க்கிற அளவுக்கு இல்லை. நெஞ்செலும்பைத் தடவினால் ரெண்டு பக்கமும் சதை இருந்தது. பல நாளாக இளைத்து வந்த கோழி என்றால் அந்த எலும்பு கத்தி மாதிரி குத்தும். ஆக, இது திடீரென்று வந்த சீக்கு.

கழுத்துக்கு அடியில் இருக்கிற இரைப்பையைத் தொட்டுப் பார்ப்பதற்கு நேரம் முக்கியம். சாயங்காலம் அது நிறைந்து புடைத்திருக்கும். விடிகாலையில் காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கல்லு மாதிரி இருந்தால் அடைப்பு, பலூன் மாதிரி தளதளவென்று புளித்த வாடை அடித்தால் வேறு கோளாறு. இவனுக்குக் காலியாக, மெத்தென்று இருந்தது.

கால் தள்ளாட்டம்தான் வயிற்றைக் கலக்கியது. இந்த வயதுக் கோழிக்கு மாரெக்ஸ் என்றொரு வைரஸ் நோய் வரும். ஒரு கால் முன்னாலும் ஒரு கால் பின்னாலுமாக நீட்டிக்கொண்டு படுத்துவிடும்; அதற்கும் மருந்து கிடையாது. என் விரலை அவன் பாதத்துக்கு நடுவில் வைத்தேன். ரெண்டு காலாலும் இறுக்கிப் பிடித்தான். அவன் கால்விரல் நுனியை லேசாகக் கிள்ளினால் வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நரம்பு வேலை செய்கிறது, தள்ளாடுவது பலவீனத்தால்தான் என்று தெரிந்ததும் பாதி உயிர் வந்தது.

மிச்சம் இருந்தது ராணிக்கெட். வருடாவருடம் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்துகிற கழிச்சல் தடுப்பூசி முகாமில் பெரிய கோழிகளுக்கெல்லாம் போட்டாயிற்று. ஆவணியில் பொரித்தவனுக்கு அது ஏது? ஆனால் ராணிக்கெட் என்றால் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணியாகப் போகும், வாயைப் பிளந்து மூச்சு வாங்கும், பிழைத்துக் கிடப்பதற்குக் கழுத்து முறுக்கிக்கொள்ளும். முக்கியமாக, ஒன்றோடு நிற்காது. இவன் கூடப் பிறந்தவை நாலும் எதிரிலேயே குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன.

கேள்விக்குப் பதில் பெட்டிக்குள் விழுந்தது. நல்ல கோழியின் எச்சம் பழுப்பு நிறத்தில் உருண்டையாக, மேலே வெள்ளைத் தொப்பியோடு இருக்கும். இடையிடையே ஒருமுறை சாக்லேட் நிறத்தில் கூழாக, குடலைப் பிடுங்குகிற நாற்றத்தோடு ஒன்று போகும். அது குடல்வாலில் இருந்து, அதாவது குடலின் கடைசிப் பக்கம் பை மாதிரி கிளைக்கிற பகுதியில் இருந்து வருவது. புதிதாகக் கோழி வளர்க்கிறவர்கள் அதைப் பார்த்து அலறிவிடுவார்கள், ஆனால் அது சகஜம். இவன் போட்டது ரெண்டுமே இல்லை. சளி கலந்த தண்ணியில் செங்கல் நிறம், நடுவில் நூல்நூலாக ரத்தம். உமியை விலக்கிக் காகிதத்தில் ஒற்றியெடுத்தால் சிவப்பு தனியாகப் பரவியது.

அந்த எச்சத்தை ஒரு டப்பாவில் வழித்தெடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். "கோழியைக் கொண்டாராம இதைக் கொண்டாந்திருக்கீங்களே" என்று உதவியாளர் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. கண்ணாடித் துண்டில் துளி வைத்து நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். உருண்டையும் நீளுருண்டையுமாக, ஓரம் கோடு போட்டதுபோல் தெளிவாக, கூட்டங்கூட்டமாக இருந்தன. ரத்தக்கழிச்சல். ஐமீரியா என்கிற ஓரணு ஒட்டுண்ணியின் வேலை. கோழியைத் தாக்குவதில் முக்கியமாக ஏழு வகை உண்டு. குடல்வாலில் உட்கார்ந்து ரத்தம் போகவைப்பது அதில் ஒன்று. ஆட்டுக்கோ மனிதருக்கோ இது தொற்றாது.

ஆம்ப்ரோலியம் 20 சதவீதத் தூள் எழுதிக் கொடுத்தார். சாதாரணமாக லிட்டர் தண்ணீருக்கு 0.6 கிராம், ரத்தம் போகிற அளவுக்கு முற்றியிருந்தால் 1.2 கிராம். ஐந்து நாள் கொடுத்துவிட்டு, அப்புறம் ஒரு வாரம் 0.3 கிராமாகக் குறைக்க வேண்டும். இது என் கோழிக்குச் சொன்ன கணக்கு. கடைகளில் வேறு வீரியத்திலும் இந்த மருந்து வருகிறது, அதனால் பொட்டலத்தில் உள்ள சதவீதத்தைப் பார்க்காமல் அளவை மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

1.2 கிராமை எதில் நிறுப்பது? சமையலறைத் தராசில் அது அசையவே அசையாது. அடகுக்கடையில் வேலை பார்க்கிற மச்சானிடம் கொடுத்துத் தங்கம் நிறுக்கிற தராசில் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வாங்கினேன். "இதுக்கு வட்டி எவ்வளவு மாமா?" என்று கேட்டான்.

டாக்டர் கடைசியாகச் சொன்ன ஒன்றை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். கோழி சோர்ந்தால் நாம் முதலில் ஊற்றுவது வைட்டமின் டானிக். ஆம்ப்ரோலியம் கொடுக்கும்போது அது கூடாது. இந்த மருந்தின் மூலக்கூறு அமைப்பு வைட்டமின் பி1 போலவே இருக்கும். ஒட்டுண்ணி அதை பி1 என்று நம்பி எடுத்துக்கொண்டு பட்டினியில் சாகும். நாம் பக்கத்திலேயே நிஜ பி1 ஊற்றினால், மருந்து சும்மா தண்ணீரோடு போய்விடும். மருந்துக்கடைக்காரர் சேர்த்துத் தந்த பி காம்ப்ளெக்ஸ் பாட்டிலை அலமாரி மேல் தூக்கி வைத்தேன்.

சீக்குக் கோழி தின்னாது, ஆனால் தண்ணீர் குடிக்கும். அதனால்தான் மருந்தைத் தண்ணீரில் தருகிறார்கள். இவன் முதல் ராத்திரி அதையும் குடிக்கவில்லை. வாயைப் பிளந்து ஊற்றக்கூடாது. நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாய் திறந்திருக்கிறது, தண்ணீர் நேராக அதில் இறங்கிவிடும். ஊசி மாட்டாத சிரிஞ்சில் எடுத்து அலகின் பக்கவாட்டில் ஒரு சொட்டு வைத்தேன். அலகை அசைத்து, தலையை மேலே தூக்கி, தானாக விழுங்கினான். அடுத்த சொட்டு. இப்படியே ஒரு மூடி அளவு இறங்குவதற்குள் என் கால் மரத்துப்போயிற்று.

மற்ற கோழிகளுக்கும் அதே மருந்துத் தண்ணீர்தான். பார்ப்பதற்கு நன்றாக இருந்தாலும் ஒரே தரையில் தின்றவை, அவற்றின் வயிற்றிலும் இருக்கும். ஆனால் முற்றத்தில் குட்டை குட்டையாக மழைத்தண்ணீர் நிற்கும்போது எந்தக் கோழி மருந்துத் தண்ணீரைத் தேடி வரும்? எல்லாவற்றையும் கூண்டிலேயே அடைத்து வைக்க வேண்டியதாயிற்று. அந்தக் கத்தலில் அக்கம்பக்கத்தில் யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். தண்ணீரைத் தினமும் காலையில் கொட்டிப் புதிதாகக் கலக்கினேன்.

மருந்தைவிடத் தரைதான் அதிக வேலை வாங்கியது. எச்சத்தோடு வெளியே வருகிற ஒட்டுண்ணியின் முட்டைக்கூடு (நுண்ணோக்கியில் பார்த்த உருண்டைகள் அவைதான்) அந்த நிமிடமே நோய் தராது. ஈரமும் சூடும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் முற்றித் தயாராகும். அப்புறம் அதைக் கொத்துகிற கோழிக்கெல்லாம் சீக்கு. அதனால் தினமும் எச்சத்தை அள்ளினால் சங்கிலி அறுந்துவிடும். பினாயில் தெளித்துவிட்டுச் சும்மா இருந்தால் ஆகாது, அந்தக் கூட்டுக்கு அது உறைப்பதே இல்லை. நன்றாகக் காயவிடுவதும் கொதிநீரும்தான் அதற்குப் பகை. நனைந்த உமி முழுவதையும் வாரித் தூரக் குழியில் போட்டு, தரையில் கொதிநீர் ஊற்றி, காயவிட்டு, சுண்ணாம்புத்தூள் தூவிப் புது உமி பரப்பினேன். தண்ணீர்த் தட்டைச் செங்கல் மேல் ஏற்றினேன், சிந்தி உமி நனையாமல் இருக்க. கூரையில் ஒழுகிய இடத்துக்குத் தார்ப்பாய்.

மருந்து ஆரம்பித்த அடுத்தடுத்த நாட்களில் ரத்தம் குறைந்து, எச்சம் பழுப்பானது. குருணைக்கஞ்சியில் கொஞ்சம் தயிர் பிசைந்து வைத்ததை ரெண்டு கொத்து கொத்தினான். கொண்டையில் சிவப்பு வர நாளாயிற்று. போன ரத்தம் ஊற வேண்டாமா? சாப்பாடு நன்றாகப் பிடித்தபோதுதான் பிழைத்துவிட்டான் என்று நம்பினேன். மருந்துக் கணக்கு முழுதும் முடிந்த பிறகு அந்த பி காம்ப்ளெக்ஸ் பாட்டிலை இறக்கினேன். உடம்பு தேறும்வரை தடுப்பூசி போடக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள்; தேறியதும் வெள்ளைக்கழிச்சல் ஊசியையும் போட்டாயிற்று.

இதைக் கேள்விப்பட்டுச் சித்தப்பா மார்கழியில் வந்தார். "என் சேவலும் சாப்பிட மாட்டேங்குது, மிச்ச மருந்து இருந்தா குடு." போய்ப் பார்த்தேன். எச்சத்தில் ஒரு குறையும் இல்லை. கொண்டையிலும் கண்ணோரத்திலும் மரு மாதிரி கறுப்புப் பொருக்குகள். அது கோழி அம்மை. கொசு கடித்துப் பரவுகிற வைரஸ். ஆம்ப்ரோலியத்துக்கு அங்கே வேலையே இல்லை. பொருக்கைப் பிய்க்காமல் அயோடின் தடவச் சொன்னேன், கண் மூடிவிடாமல் வெந்நீர்ப் பஞ்சால் துடைக்கச் சொன்னேன், சாயங்காலம் கூண்டைச் சுற்றிக் கொசுவலை கட்டச் சொன்னேன். வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்துப் போடலாமா என்று கேட்டார். பொருக்கு மேல் போடுங்க சித்தப்பா, கண்ணுக்குள்ள போயிராமப் பாத்துக்கங்க என்றேன்.